பொது முற்றம் யாருக்கு உரியது?

மனிதன் தனக்கென்று ஒரு கூரையைத் தேடிக்கொண்ட காலத்திலேயே, பிறரோடு கூடியிருக்க ஒரு திறந்த வெளியையும் தேடிக்கொண்டான். சங்க இலக்கியம் காட்டும் ஊர்களில் மன்றம் உண்டு; பொதியில் உண்டு; முதியோர் அமரவும், வழக்குப் பேசவும், வழிப்போக்கர் இளைப்பாறவும் பெருமரத்தின் நிழல் உண்டு. பின்னாளில் வீட்டு முகப்பில் திண்ணை வந்தது. அது வீட்டுக்காரனின் உடைமைதான். ஆயினும் தெருவில் செல்வோருக்கும் அதில் ஓர் உரிமை இருந்தது. எல்லோருக்கும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. சாதியின் பெயரால் சிலரைத் தெருவுக்குள்ளேயே விடாத கொடுமையும் நம் ஊர்களில் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்றினால் அது பொய்ப் போற்றலாகிவிடும். எனினும், வீட்டிற்கும் வழிக்கும் இடையே பொதுவான ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் நம் முன்னோரிடம் ஆழ வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பொதுவெளி யாருக்கு உரியது என்னும் வினா இன்று நம் வாசலிலேயே, நான்கு சக்கரங்களோடு வந்து நிற்கிறது. இதனை நகரமைப்பு வல்லுநரின் வினா என்று ஒதுக்கிவிட நாமும் பல ஆண்டுகள் முயன்றோம். ஆயின் எண்ணிப் பார்க்குங்கால் இது அறத்தின் வினாவாகவே தோன்றுகிறது.

நாம் தில்லிக்கு வந்தது 2003ஆம் ஆண்டில். தேர்வெழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து, சில ஆண்டு காத்திருந்து, அரசுக் குடியிருப்பில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டைப் பெற்றோம். நடுவே ஒரு மைதானம். அதனைச் சுற்றி இரண்டு அடுக்குகளாக 48 வீடுகள். மைதானத்தில் நான்கு வேம்பும் இரண்டு நாவலும். இந்த வீடுகளை அரசு ஊதிய நிலை பார்த்து ஒதுக்கியதேயன்றிச் சாதி பார்த்தோ மொழி பார்த்தோ ஒதுக்கவில்லை. ஆதலால் நம் ஊர்த் தெருவுக்கு இல்லாத ஒரு பெருமை அந்த மைதானத்திற்கு இருந்தது. பஞ்சாபியரும் வங்காளியரும் பீகாரியரும் மலையாளிகளும் அங்கு ஒரே வேம்பின் கீழ் அமர்ந்தனர். மார்கழிக் குளிரில் பெண்கள் வெயில் காய்ந்தபடி கம்பளி பின்னினர். பங்குனியில் நம் வீட்டு வடாம் அங்கே காய்ந்தது. அண்டை வீட்டு மூதாட்டியின் ஊறுகாய் ஜாடியும் அதனருகே காய்ந்தது.

ஊரில் தனித்திருந்த எம் அன்னையாரை அழைத்து வந்தபோது, இந்தி அறியாத அவர் இங்கே எவ்வாறு காலம் கழிப்பார் என்று கவலைப்பட்டோம். ஒரு திங்களில் அக்கவலை நீங்கிற்று. மாலை நான்கு மணிக்கு அவர் கீழே இறங்குவார். ஒரு பஞ்சாபி மூதாட்டியும் ஒரு வங்காளி மூதாட்டியும் வருவர். மூவருக்கும் பொதுவான மொழி இல்லை. கீரை ஆய்ந்தார்கள், முழங்கால் வலியைச் சாடையால் கூறிக்கொண்டார்கள், பேரப்பிள்ளைகள் விழுந்து எழுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். "நம்ம ஊர்த் திண்ணையைக் கொண்டாந்து மரத்தடியில போட்டாப்ல இருக்குப்பா" என்று அன்னையார் ஒரு நாள் கூறினார்.

நாம் குடிவந்தபோது மைதானத்தின் ஓரத்தில் மூன்று கார்கள் நின்றன. மற்றவை ஸ்கூட்டர்களும் மிதிவண்டிகளும். ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை 2008-09இல் கைக்கு வந்தபோது கார்கள் பெருகின. வங்கிகள் கடனைக் கூவிக் கொடுத்தன. 2011இல் நாமும் ஒன்று வாங்கினோம். அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல என்று சொல்லிக்கொண்டோம். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. ஊரிலிருந்து வரும் உறவினரை நிலையத்திலிருந்து சொந்த வண்டியில் அழைத்து வரவேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்போருக்கு இத்தகைய ஆசைகள் இயல்பே.

2017இல் 48 வீடுகளுக்கு 37 கார்கள் இருந்தன. தில்லி முழுமைக்கும் பதிவான வண்டிகளின் தொகை ஒரு கோடியைத் தாண்டியதும் அவ்வாண்டளவில்தான். குடியிருப்போர் கூட்டம் ஒன்று கூடியது. மைதானத்தில் ஒரு பாதியைச் சிமெண்டுக் கல் பாவி வண்டி நிறுத்துமிடம் ஆக்குவது என்று ஒரு கருத்து வந்தது. கை தூக்குமாறு கேட்டனர். நாமும் கை தூக்கினோம்.

கல் பாவியபின் அன்னையார் சில நாள் கீழே இறங்கிப் பார்த்தார். பின்னர் மேல்தள சன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஏன் இறங்குவதில்லை என்று கேட்டோம். "வண்டிக்கு நெழல் வேணும்னு மரத்தடியைக் குடுத்துட்டீங்க. நான் எங்கப்பா போய் உட்கார்றது?" என்றார். கோபமின்றித்தான் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கார் திறந்த வெளியில் நிற்கவும், திரும்பவும் 23 சதுர மீட்டர் வேண்டும் என்று தில்லிப் பெருந்திட்டம் கணக்கிடுகிறது. முப்பது கார்களுக்கு 690 சதுர மீட்டர். நம்மைப் போன்றோரின் கார் நாளில் இரண்டு மணி ஓடினால் மிகுதி. எஞ்சிய இருபத்திரண்டு மணியும் அது ஓரிடத்தில் நிற்கிறது. நாம் விலை கொடுத்தது வண்டிக்கு மட்டுமே. அது நிற்கும் நிலத்திற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. 'என் பணம், என் வண்டி, என் வாசல்' என்று கூறும்போது முதலிரண்டும் உண்மை, மூன்றாவது உண்மையன்று. வாசல் 48 வீட்டாருக்கும் பொது.

இனி அன்றைய கூட்டத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே வந்தவர் யார்? குடும்பத் தலைவர்கள், பெரும்பாலும் கார் உடையவர்கள். மைதானத்தை இழக்கப்போகிறவர் யார்? விளையாடும் சிறுவர், மரத்தடி முதியோர், வேலை முடித்துச் சற்று அமரும் பணிப்பெண்கள். இவர்களுள் ஒருவருக்கேனும் அக்கூட்டத்தில் தூக்குவதற்குக் கை இல்லை. பெரும்பான்மையின் முடிவு என்று அதனைப் பதிவேட்டில் எழுதினோம். ஆதாயம் பெறுவோர் மட்டும் கூடி எடுக்கும் முடிவு, எத்தனை கைகள் உயர்ந்தாலும், நடுவுநிலைமை உடையதாகாது. இதனை நாம் அன்றே அறிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் நமக்கு, பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேளாமல் ஆணை பிறப்பிக்கலாகாது என்னும் விதி தெரியாததன்று.

இன்னொன்றும் உண்டு. ஒரு கார் வந்து நின்றால் மைதானம் கெடாது. இரண்டாவதாலும் கெடாது. முப்பத்தேழாவது வண்டிக்காரரிடம் சென்று, 'உம்மால் கெட்டது' என்றால் அவர் ஒப்புவாரா? ஒவ்வொருவர் செயலும் தனியே பார்த்தால் நியாயமானது; மொத்தத்தில் விளைந்தது அநியாயம். பொதுச் சொத்து அழிவது இவ்வாறே. இங்கே தீயவர் ஒருவரும் இல்லை. தீயவர் இல்லாத தீங்கிற்குத் தண்டனையால் மருந்து செய்ய இயலாது. ஏற்பாட்டினால்தான் செய்ய இயலும்.

அத்தகைய ஏற்பாட்டைச் செய்து பார்த்தவர் உலகில் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்னும் குடியிருப்பு 1929இல் தோன்றிற்று. கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்னும் இருவர் அதனை வகுத்தனர். வீடுகளின் முதுகு வண்டிப் பாதையை நோக்கியும், முகம் நடுவிலுள்ள பூங்காவை நோக்கியும் அமைந்தன. நடப்பவர் பாதை வேறு, வண்டியின் பாதை வேறு. இரண்டும் சந்திக்குமிடத்தில் நடப்போருக்குச் சுரங்க வழி. அவ்வாண்டே தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சியால் திட்டம் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அக்கருத்து கடல் கடந்தது. சண்டீகருக்கு முதலில் வரைபடம் வகுத்த ஆல்பர்ட் மேயர் இவ்வழியில் வந்தவர். பின்னர் லெ கார்பூசியே அதனை மாற்றியமைத்தபோதும், 800க்கு 1200 மீட்டர் அளவுள்ள பகுதிகளாக ஊரைப் பிரித்து, விரைவு வண்டிகளை வெளியே நிறுத்தி, பகுதியின் நடுவே பசுமைப் பட்டையை ஓடவிட்டார். ஆயின் இன்று, மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் நம் நாட்டில் கார்கள் மிகுந்த நகரங்களுள் சண்டீகரும் ஒன்று. வரைபடம் மட்டும் மனத்தை மாற்றிவிடாது என்பதற்கு அந்நகரம் சான்று.

ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் ஃபோபான் என்றொரு பகுதி இருக்கிறது. பிரெஞ்சுப் படையினர் 1992இல் காலி செய்துபோன பாசறை நிலத்தில் எழுந்தது. அங்குப் பெரும்பாலான தெருக்களில் வீட்டு வாசலில் காரை நிறுத்த இயலாது. பொருள் இறக்கவும், நோயாளியை ஏற்றவும் நடை வேகத்தில் வரலாம். வேலை முடிந்ததும் வெளியேற வேண்டும். கார் வைத்திருப்பவர் ஊரோரத்துக் கட்டடத்தில் நிறுத்துமிடத்தை விலை கொடுத்து வாங்கவேண்டும். கார் இல்லாதவர், தம்மிடம் கார் இல்லை என்று எழுதிக் கொடுக்கின்றனர். இதில் நம் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. பிற்காலத்தில் அவர்களுக்கும் வண்டி நிறுத்துமிடம் தேவைப்படலாம் என்பதற்காகச் சட்டப்படி ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் ஒருமுறை பணமும் கட்டுகிறார்கள். அந்நிலம் இன்று வெறும் பசுமை வெளி. வராத கார்களுக்கென்று வைத்த இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்!

இவற்றைப் படித்து மகிழ்ந்து, 'அவ்வாறே நாமும் செய்வோம்' என்று கூறிவிடுவது எளிது. எதிர்வாதங்களையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். தில்லியின் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடுகிறது. அந்த வெயிலில் இருநூறு அடி நடப்பதும் முதியவருக்குத் தண்டனை. இரவு பணி முடித்துத் திரும்பும் பெண், வாசல் வரையில் வண்டி வரவேண்டும் என்று விரும்பினால் அதனை ஆடம்பரம் என்பது கொடுமை. காலில் குறையுள்ளவருக்குக் கார் கால் போன்றது. மெட்ரோ ரயில் 2002 டிசம்பரில் தில்லியில் ஓடத் தொடங்கியது உண்மைதான். ஆயின் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தொலைவை யார் கடத்துவது? ஃபோபானுக்கு 2006இல் டிராம் வண்டி வந்து சேர்ந்தது. வீட்டருகே வண்டி வருமானால் சொந்த வண்டியை விடுவது எளிது. வழி எதுவும் காட்டாமல் பிறரிடம் தியாகத்தைக் கேட்பவர் உபதேசியாரே அன்றி அறவோர் அல்லர்.

நம் நாட்டிலேயே மும்பைக்கு அருகில் மாதேரான் என்னும் மலையூர் இருக்கிறது. அங்கு மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. எல்லோரும் ஊர் எல்லையில் தஸ்தூரி என்னும் இடத்தில் வண்டியை விட்டுச் செல்ல வேண்டும். தூசியும் ஓசையும் இல்லாத அந்தச் செம்மண் பாதையைப் புகழாதவர் இல்லை. ஆயின் நடக்க இயலாதவரை வைத்து மனிதரே அங்குக் கைரிக்ஷா இழுத்து வந்தனர். அவர்களுள் சிலரே மின்ரிக்ஷா கேட்டு நீதிமன்றம் சென்றனர். 2022இல் உச்ச நீதிமன்றம் அதனைச் சோதனை முறையில் ஓட்ட அனுமதித்தது. 2025இல், மனிதனை மனிதன் இழுக்கும் அவ்வழக்கத்தையே ஒழிக்குமாறு ஆணையிட்டது. கார் இல்லாத ஊர் என்ற பெருமையின் பாரத்தை ஏழையின் தோள் சுமக்குமானால் அந்தப் பெருமை யாருக்கு வேண்டும்? ஆதலால் காரை நீக்குவது மட்டுமே நம் குறிக்கோள் ஆகாது. யாருடைய வசதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்பதே குறிக்கோள். மாதேரானில் அந்த விலையை இழுப்பவர் கொடுத்தார். நம் மைதானத்தில் எம் அன்னையார் கொடுத்தார்.

தமிழராகிய நமக்கு வண்டியும் தெருவும் புதியன அல்ல. மதுரையை எண்ணிப் பாருங்கள். கோவிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்த தெருக்கள். ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னை மாகாணத்து ஊர்களைக் கண்டு அறிக்கை எழுதியபோது, நம் கோவில் நகரங்களின் அமைப்பை மதித்துப் பயின்றார். அத்தெருக்கள் தேருக்காக அகன்றவை. தேரும் ஒரு வண்டிதான். எந்தக் காரினும் பெரியது. ஆயின் அது ஆண்டுக்குச் சில நாளே வீதிக்கு வரும். ஒருவர் ஓட்டி ஒருவர் செல்வதன்று. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் நகரும். பணி முடிந்ததும் நிலைக்குச் சென்று நின்றுவிடும். மற்ற நாட்களில் வீதி மக்களுக்கு. வண்டி எவ்வளவு பெரியதாயினும் அதற்கென்று ஒரு நிலை உண்டு, அந்நிலையில் அது நிற்கவேண்டும் என்ற நெறியை நாம் எவரிடமும் கற்க வேண்டியதில்லை.

பாரியையும் எண்ணிப் பார்க்கலாம். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கு அவன் தன் தேரைக் கொடுத்தான் என்பது நாம் அனைவரும் பள்ளியிலேயே படித்தது. இதனைக் கொடைமடம் என்றனர். ஒரு கொடிக்குத் தேர் எதற்கு, ஒரு கழி போதாதா என்று மாணவப் பருவத்தில் நாமும் சிரித்திருக்கிறோம். இன்று அவ்வாறு தோன்றவில்லை. அக்கொடிக்கு வாய் இல்லை. அவையில் வந்து கேட்க அதனால் இயலாது. கேளாத அதன் தேவை பாரியின் கண்ணுக்குப் பட்டது. கழி தேடி வருவோம் என்று அவன் ஒத்திவைக்கவில்லை. தேரைக் கொடுத்தபின் அவன் நடந்துதான் வீடு திரும்பியிருக்க வேண்டும். கொடையைப் புகழும் நாம் அந்த நடையை எண்ணிப் பார்ப்பதில்லை.

அறம் என்பது தனிமனிதனின் நெஞ்சில் தொடங்குகிறது. ஆயின் அது நெஞ்சிலேயே நின்றுவிட்டால் நாளடைவில் வாடிவிடும். நல்லதைச் செய்வது எளிதாகவும், தீயதைச் செய்வது சற்றே கடினமாகவும் இருக்கும்படி இடத்தை அமைத்தால் சாதாரண மனிதரும் நல்லவராக வாழ முடியும். ஃபோபானில் வாழ்வோர் முனிவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. அவர்கள் ஊர் அவர்களுக்குத் துணை நிற்கிறது. மறுபுறம், அமைப்பு வரட்டும், பிறகு நாம் மாறுவோம் என்று காத்திருந்தால் அமைப்பு வாராது. அமைப்பைக் கேட்க முதலில் சிலர் நடக்கவேண்டும். நெஞ்சமும் அமைப்பும் ஒன்றையொன்று தாங்குவன. கொடியும் கொம்பும் போல.

2016இல் தென் தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018இல் அங்கு மரங்களை வெட்டத் தொடங்கியபோது மக்கள் சரோஜினி நகரில் மரங்களைத் தழுவி நின்றனர். உயர் நீதிமன்றம் வெட்டுதலை நிறுத்தி வைத்தது. அன்று மரத்தைத் தழுவியவர்களின் படத்தை நாளேட்டில் கண்டு நாமும் பாராட்டினோம். அந்த நாளிலேயே நம் வீட்டு வேம்பின் அடியைச் சிமெண்டுக் கல் நெரித்துக் கொண்டிருந்தது. அதன் நிழலில் நம் கார் நின்றது. தொலைவிலுள்ள மரத்திற்கு இரங்குவது எளிது.

கூட்டத்தை மீண்டும் கூட்டி நாம் உரை நிகழ்த்தவில்லை. அதற்கு நமக்குத் தகுதியுமில்லை. கை தூக்கியவருள் நாமும் ஒருவர் அன்றோ? சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியை மைதானத்திலிருந்து எடுத்து, பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரம் கொண்டு நிறுத்தினோம். வாசலிலிருந்து அங்கு 160 அடி வைக்க வேண்டும். அன்னையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளில் மட்டும் வாசலுக்குக் கொண்டு வருகிறோம், ஏற்றியதும் புறப்படுகிறோம். ஏன் என்று அண்டை வீட்டுப் பஞ்சாபி நண்பர் கேட்டார். சொன்னோம். அவர் தம் தாயைப் பற்றி ஏதோ எண்ணிக்கொண்டவர் போலச் சற்று நேரம் பேசாதிருந்தார். மறுவாரம் அவர் வண்டியும் சுவரோரம் வந்தது. பின்னர் மேலும் ஐவர் வந்தனர். அனைவரும் வரவில்லை. வரமுடியாதவர் சிலர், வர விரும்பாதவர் சிலர். அவர்களை நாம் குறை கூறவில்லை. வேம்பைச் சுற்றியிருந்த கற்களை மட்டும் எல்லோரும் சேர்ந்து பெயர்த்தோம். அதற்கு மறுப்புக் கூறியவர் எவருமில்லை.

பஞ்சாபி மூதாட்டி இன்றும் இறங்கி வருகிறார். வங்காளி மூதாட்டி, மகனின் பணிமாற்றத்தால் கொல்கத்தா சென்றுவிட்டார். அன்னையாருக்குப் படி இறங்குவது இப்போது கடினம். கையைப் பிடித்து அழைத்து வருகிறோம். ஆறு ஆண்டுகளை அவர் சன்னலருகே கழித்தார். அந்த ஆண்டுகளை நாம் திருப்பிக் கொடுக்க இயலாது. முதல் நாள் மரத்தடியில் அமர்ந்ததும் அவர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. கீரைக் கட்டை மட்டும் எடுத்து வரச் சொன்னார்.

ஊரை விட்டு வந்த நமக்குத் திண்ணையை எவரும் கட்டித் தரமாட்டார்கள். இருக்கும் வெளியை எதற்காக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை நம்மிடம் இருக்கிறது. அடுத்த முறை நம் குடியிருப்பில் கை தூக்கும் நேரம் வரும்போது, அங்கே வாராதவர் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகு தூக்குவோமாக.